காருக்கு நாலாம் வருஷ வாரன்டி: வாங்கலாமா, வேண்டாமா?

புதிதாகக் கார் வாங்குகிற வீடுகளில் கலரைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள். நம்பரின் கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டுமா, ஆறு வர வேண்டுமா என்று இன்னொரு வாரம் போகும். ஆனால் 'எக்ஸ்டென்டட் வாரன்டி' என்று ஒரு தாளை நீட்டி 16,400 ரூபாய் கேட்கும்போது மட்டும், யோசிக்க நமக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. சமையல் குறிப்பும் கோலமும் அனுப்பும் சகோதரிகளுக்கு நடுவே நான் கார் விஷயம் எழுதுவது வேடிக்கையாக இருக்கலாம். வீட்டுக் கணக்கு எழுதுவது நாம்தானே! அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். என் கணவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆன பிறகு அவரால் ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. பஸ்ஸில் ஏறி இறங்குவதும் சிரமம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், "இப்ப வாங்கலேன்னா எப்பவும் இல்ல" என்று மகன் பிடிவாதம் பிடித்து முன்பணம் அனுப்பினான். மீதிக்கு பாங்க் லோன். காலால் கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்பதற்காக ஏ.எம்.டி. என்கிற, தானே கியர் மாறும் வண்டியாகப் பார்த்தோம்.

ஷோரூமில் 'ஆன் ரோடு விலை' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வண்டி விலை, ரோடு டாக்ஸ், பதிவுச் செலவு, இன்ஷூரன்ஸ், ஆக்சசரீஸ், அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத கோட்டிங், அதற்குக் கீழே எக்ஸ்டென்டட் வாரன்டி. எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகை. நான் பேனாவை எடுத்து, "இதுல கட்டாயம் எது, நம்ம இஷ்டம் எது? டிக் போட்டுக் குடுங்க தம்பி" என்றேன். விற்பனைப் பையன் சிரித்தான். "எல்லாருமே போட்டுக்கறாங்க மேடம். லோன்லயே சேத்துடலாம். மாசம் 340 ரூபாதான் கூடும், டீச் செலவு!" என்றான்.

அந்த 340 ரூபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 16,400 ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷ லோனில் சேர்த்தால், மாதம் 340 வீதம் 60 மாதம் கட்டி முடிக்கும்போது 20,400 ரூபாய் ஆகிறது. அதாவது 4,000 ரூபாய் வட்டி. இதில் இன்னொரு கூத்து. வண்டியோடு வரும் வாரன்டி முதல் மூன்று வருஷம் எப்படியும் இருக்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது நாலாம் வருஷமும் ஐந்தாம் வருஷமும்தான். இன்னும் மூன்று வருஷம் கழித்து ஆரம்பிக்கப் போகிற ஒன்றுக்கு இன்றிலிருந்தே வட்டி! வாங்குவதானால் கைக்காசில் வாங்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கைக்காசு என்று எடுத்தால் என்னிடம் இருந்தது சீட்டுப் பணம் மட்டும். என் அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலி பாங்க்கில் அடகில் இருந்தது. கார்த்திகையோடு கெடு முடிகிறது. சீட்டுப் பணத்தில் 16,400 குறைந்தால் சங்கிலி வராது. இது அவருக்கும் தெரியும். "உன் சங்கிலியை முதல்ல பாரும்மா, வண்டி என்ன நாளைக்கே நின்னுடப் போகுதா?" என்றார். ஆனால் அந்தப் பையனோ, "டெலிவரிக்கு முன்னாடி போட்டாத்தான் மேடம்" என்று அவசரப்படுத்தினான். "அப்படி ரூல் இருக்குன்னா எழுதிக் குடுங்க, வீட்ல காட்டிட்டு வரேன்" என்றேன். உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, "அப்புறமாவும் போடலாம் மேடம்" என்றான். எதையும் எழுதிக் கேட்டால் பாதி விஷயம் தானாகவே சரியாகிவிடுகிறது.

வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் எங்கள் காருக்கு முதல் 3 மாதம் வரை ஒரே விலை, பிறகு படிப்படியாகக் கூடும், 3 வருஷ வாரன்டி முடிந்துவிட்டால் வாங்க முடியாது என்று இருந்தது. இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாரன்டி காலமும் அப்படித்தான். மாருதி கார்களுக்கு முன்பு 2 வருஷம் அல்லது 40,000 கிலோ மீட்டர்தான் இருந்தது. 2024 ஜூலையில்தான் அதை 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோ மீட்டராக ஆக்கினார்கள். பாட்டரியில் ஓடும் கார்களில் பாட்டரிக்கு மட்டும் 8 வருஷம் என்று தனிக் கணக்கு பலவற்றில் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டில் அவர்கள் காருக்குச் சொன்னதை வைத்து நாம் முடிவு செய்யக் கூடாது.

மூன்று மாத அவகாசம் கிடைத்ததும் நிம்மதியாகச் சங்கிலியை மீட்டேன். அப்புறம்தான் இந்த வாரன்டி என்ன தரும், என்ன தராது என்று உட்கார்ந்து படித்தேன்.

கம்பெனியில் செய்த பொருளிலோ பொருத்தியதிலோ குறை இருந்து, அதனால் ஒரு பாகம் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவார்கள். இஞ்சின், கியர் பெட்டி, ஏ.சி. கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் மோட்டார், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், வண்டியின் மூளையான கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் பொதுவாக இதில் வரும். ஓட ஓடத் தேய்கிற சாமான் எதுவும் வராது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில் எல்லாம் நம் செலவு. டயருக்கும் பாட்டரிக்கும் அந்தந்தக் கம்பெனியின் வாரன்டி தனி. நாலாம் வருஷம் அநேகமாக நம் பர்ஸைத் திறக்க வைப்பது இந்தத் தேய்கிற சாமான்கள்தான். "வாரன்டி போட்டிருக்கே, எதுக்கு பில்?" என்று சர்வீஸ் கவுண்டரில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டைக்கெல்லாம் காரணம் இதுதான்.

எலி கடித்த வயருக்கும் கிடையாது. எங்கள் வீட்டில் வேப்ப மரத்தடியில்தான் வண்டி நிற்கிறது. என் மாமியார் புகையிலைக் கட்டை ஒன்றைத் துணியில் சுற்றி, பானெட்டுக்குள் கட்டி வைக்கச் சொன்னார். வண்டிக்குள் ஏறினால் வெற்றிலைப் பெட்டி வாசனை! எலி வரவில்லை என்பது மட்டும் உண்மை.

வெள்ளத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை கார்கள் மூழ்கின! வேளச்சேரியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக் கார் 2023-ல் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வாரன்டி காலம் முடியாத வண்டிதான். ஆனாலும் வெள்ளம் கம்பெனியின் குறை இல்லையே! அவர்களுக்குக் கைகொடுத்தது இன்ஷூரன்ஸ். அதிலும் 'இஞ்சின் புரொடெக்ட்' என்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டியிருந்ததால்தான் இஞ்சினுக்குள் தண்ணீர் போன செலவும் கிடைத்தது. தண்ணீரில் நின்ற வண்டியை வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது என்று அங்கே சொன்னார்களாம். உள்ளே இருக்கும் தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் போய், இரும்புத் தண்டே வளைந்துவிடுமாம். அப்படியே கயிறு கட்டி இழுத்துப் போவதுதான் சரி. ஆற்றோரம், ஏரியோரம், தாழ்வான தெருவில் இருக்கிறவர்கள் கையில் ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், வாரன்டியை விட்டுவிட்டு முதலில் இந்த இன்ஷூரன்ஸைப் போடுங்கள்.

இன்ஷூரன்ஸையும் வாரன்டியையும் நம்மில் பலர் ஒன்றாக நினைக்கிறோம். மோதினால், திருடு போனால், வெள்ளம் வந்தால் இன்ஷூரன்ஸ். தானாகக் கெட்டால் வாரன்டி. சட்டப்படி கட்டாயம் என்பது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டுமே. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு அதை மூன்று வருஷத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். நீட்டித்த வாரன்டியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இதை வாங்கினால்தான் அதைத் தருவேன் என்பதை 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். வழக்குப் போடுவதானாலும் வாங்கின ஊருக்கு அலைய வேண்டாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம்.

எங்கள் தெரு முனையில் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணனிடமும் கேட்டேன். வாரன்டி வாங்கினால் வண்டி அவரிடம் போகாது. ஆகவே வேண்டாம் என்றுதான் சொல்லுவார் என நினைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது இது:

"சாதா கியர் வண்டின்னா நானே வேண்டாம்னு சொல்லுவேன் தங்கச்சி. உங்களது ஏ.எம்.டி. உள்ள இருக்கறது பழைய கியர் பெட்டிதான். கிளட்ச்சை மிதிக்கறதையும் கியர் போடறதையும் நமக்குப் பதிலா ஒரு மோட்டார் செட்டு செய்யுது, ஆக்சுவேட்டர்னு பேரு. அது போச்சுன்னா நான் கை வைக்க முடியாது. கம்பெனியிலயும் பிரிச்சு ரிப்பேர் பாக்கறதவிட செட்டோட மாத்தறதுதான் வழக்கம். நீங்க வாரன்டிக்குக் கட்டற மாதிரி ரெண்டு மடங்குக்குக் கம்மியில்லாம வரும். எல்லா வண்டிக்கும் போகும்னு சொல்லல. முக்கால்வாசி வண்டிக்குப் போகாது."

முக்கால்வாசி வண்டிக்குப் போகாது என்பதால்தான் கம்பெனி இதை விற்கிறது, இல்லையா? செய்ததில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ளேயே பல்லைக் காட்டிவிடும். தேய்ந்து கெடுவது ஏழு, எட்டு வருஷத்துக்கு மேல். நாலும் ஐந்தும் நடுவில் கிடக்கும் அமைதியான வருஷங்கள். அதனால், போட்ட பணம் திரும்பி வருமா என்று கேட்டால், பெரும்பாலோருக்கு வராது. இதை முதலீடு மாதிரிப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். ஒரேயடியாக வரும் பெரிய செலவைத் தாங்கும் சக்தி நம் வீட்டுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு பதில் காலண்டரிலேயே இருந்தது. வண்டியின் நாலாம் வருஷமும் ஐந்தாம் வருஷமும் அவர் ஓய்வு பெற்ற பிறகு வருகின்றன. அரசாங்க வேலை இல்லை, பி.எஃப். பென்ஷன் மட்டும்தான். லோன் தவணையோ அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் முப்பது, நாற்பதாயிரம் என்று ஒரு பில் வந்தால் மறுபடி சங்கிலிதான் பாங்க்குக்குப் போகும். வண்டியை நிறுத்தி வைக்கலாம் என்றால், மூட்டு சரியில்லாதவரை ஆஸ்பத்திரிக்கு எப்படி அழைத்துப் போவது? இன்னொன்று, நாங்கள் மாதம் 700 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. ஐந்து வருஷத்துக்கு 42,000-தான் வரும். ஆகவே கிலோ மீட்டர் கணக்கு முதலில் தீர்ந்துபோய் வாரன்டி பாதியில் முடிகிற பயம் எங்களுக்கு இல்லை. தினமும் நூறு, நூற்றைம்பது ஓடுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் விதிகளே வேறாக இருக்கும்.

மாசி பிறந்ததும் என் எல்.ஐ.சி. மணி பேக் தொகை வந்தது. அதிலிருந்து எடுத்துக் கட்டினேன். வாரன்டியை மட்டும்! அடிப்பாகக் கோட்டிங்கையும் மற்றதையும் அடித்துவிட்டேன். புது வண்டிக்கு அடியில் தொழிற்சாலையிலேயே பூச்சு பூசித்தான் அனுப்புகிறார்கள். அதன்மேல் இவர்கள் எதற்கு இன்னொன்று பூச வேண்டும்?

கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொண்டேன். தாளின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது? கார் கம்பெனியே கொடுக்கும் வாரன்டி என்றால் எந்த ஊரிலும் அவர்களுடைய சர்வீஸ் நிலையத்தில் செல்லும். சில ஷோரூம்களில் கார் கம்பெனி அல்லாத வேறு யாரோ கொடுக்கும் திட்டத்தையும் அதே பெயரில் விற்கிறார்கள். அதில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பு எங்காவது பொடி எழுத்தில் இருக்கும். இடையில் வண்டியை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். மாறும் என்றால் விற்கும்போது ஓரளவு விலை கூடுதலாகப் பேச முடியும்.

பணம் கட்டியதோடு வேலை முடியவில்லை. குறித்த காலத்தில் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் நம்மைப் போலக் குறைவாக ஓட்டும் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. '1 வருஷம் அல்லது 10,000 கிலோ மீட்டர், எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருக்கும். "இன்னும் ஆறாயிரமே ஓடலையே, எதுக்கு சர்வீஸ்?" என்று தள்ளிப்போடுவார்கள். அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. ஏ.சி. கம்ப்ரஸர் கெட்டுப்போனபோது, ஒரு வருஷ சர்வீஸ் பதினாறாம் மாதம் செய்யப்பட்டிருக்கிறது என்று காட்டி முடியாது என்றுவிட்டார்கள். வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் வருஷம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெளியே கொடுத்து வயரை வெட்டி ஹாரன், லைட், பாட்டுப் பெட்டி என்று மாட்டுவதும் பிற்பாடு வம்பு. பையன்கள் உள்ள வீட்டில் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

திருப்பூரில் இருக்கும் என் தங்கையும் கிட்டத்தட்ட இதே சமயத்தில்தான் கார் வாங்கினாள். அவளுடையது சாதாரண கியர் வண்டி. அவள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர், சின்ன ரிப்பேரை அவரே பார்த்துவிடுவார். நாலு வருஷத்தில் விற்றுவிட்டு வேறு வாங்குகிற உத்தேசமும் இருக்கிறது. "நீ போட்டேன்னா நானும் போடணுமாக்கா?" என்று போனில் கேட்டாள். வேண்டாம் என்றேன். மாதம் 300 ரூபாய் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் போடச் சொன்னேன். ஐந்து வருஷத்தில் அசலே 18,000 சேரும், வட்டி வேறு. வண்டி கெட்டால் அதை எடுத்துச் செலவழிக்கலாம், கெடாவிட்டால் பணம் அவளுடையது. "எடுத்து வேற எதுக்காவது செலவு பண்ணிடுவேனே" என்று சிரித்தாள். அந்தக் குணம் உள்ளவர்கள் பேசாமல் வாரன்டியே வாங்கிவிடலாம்!

எனக்கு வந்த சான்றிதழில் சேஸிஸ் நம்பர் ஓர் எழுத்து மாறியிருந்தது. 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அதை ஆர்.சி.யோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் தெரிந்தது. மூன்று வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிற தாள் அல்லவா, அன்றைக்குத் தப்பு தெரிந்து என்ன பயன்? மறுநாளே போய்த் திருத்தி வாங்கி, சர்வீஸ் பில்களோடு ஒரே ஃபைலில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். முதல் வருஷ சர்வீஸ் தேதியை அடுத்த வருஷக் காலண்டர் வந்ததும் குறிக்க வேண்டும்.

- ஒரு வாசகி, திருச்சி.